கவலை வந்த போர்க்களம்

நீங்கள் அனுப்பிய போர்க்காட்சியை மூன்று முறை பார்த்தேன். முதல் முறை மருமகளின் கைபேசியில், அடுத்த இரண்டு முறை கூடத்து டி.வி.யில். நீங்கள் ஒரு நாவலைத் தொடராக எடுக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதுமே புத்தகத்தை மறுபடி வாசித்துவிட்டேன், ஆகவே கதை தெரியும். பறக்கும் பாம்பு நன்றாக வந்திருக்கிறது. அது கக்கும் நெருப்பும் நன்றாக இருக்கிறது. அத்தனை ஆயிரம் வீரர்களைக் கணினிக்குள் எப்படி நிற்க வைத்தீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை, இனிமேல் புரியப்போவதும் இல்லை.

"நம்பும்படி இருக்கா சார்?" என்று கேட்டிருந்தீர்கள். பாம்பை நம்பினேன். பாம்பைக் கண்டு ஓடுகிறவர்களைத்தான் நம்ப முடியவில்லை.

ஏன் என்று போனில் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன். இதைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் இந்தத் தொழிலில் செய்த தப்புகளில், வெளியே சொன்னால் சிரிக்கக்கூடியது இது ஒன்றுதான்.

அறுபதுகளில் நான் மூன்றாவது உதவி இயக்குநர். மூன்றாவது உதவி என்றால், இயக்குநரின் கோபம் முதல் இரண்டு பேரைத் தாண்டி வந்து சேரும் இடம். ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்து ஊரெல்லாம் படித்த மாயாஜாலக் கதையைப் படமாக்கிக்கொண்டிருந்தோம். ஒரு மந்திரவாதி, அவன் ஏவலுக்கு ஒரு பூதம், இரண்டையும் எதிர்க்கும் ஒரு ராஜா. கடைசிப் போர் கடற்கரையில் நடக்கிறது. அதற்காகக் கடலூருக்கு அருகே ஒரு கடற்கரையில் முகாம் போட்டோம். ராஜாவாக நடித்தவர் அந்தப் போருக்கு இரண்டு நாள்தான் கொடுத்திருந்தார். இரண்டாம் நாள் மாலை அவர் ரயில் ஏறியாக வேண்டும்.

படைக்கு ஆட்கள் அக்கம்பக்கத்து இரண்டு மீனவக் குப்பங்களிலிருந்து வந்தார்கள், மொத்தம் இருநூறு பேர் இருக்கும். அவர்களைப் பிரித்து நிறுத்துவது என் பொறுப்பு. நான் கும்பகோணத்துக்காரன். கடலைப் பார்த்ததே சென்னைக்குப் போன பிறகுதான். வடக்குக் குப்பம் ராஜா படை, தெற்குக் குப்பம் மந்திரவாதி படை என்று தாளில் எழுதினேன். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. மந்திரவாதியின் கூடாரத்தைத் தெற்கே போட்டிருந்தோம்.

வலை போடும் இடத்துக்காக இரண்டு குப்பங்களும் பல வருடங்களாக முட்டிக்கொண்டு, முந்தின வருடம்தான் பஞ்சாயத்து பேசிச் சமாதானமாகியிருந்தன. அது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தெற்குக் குப்பத்தின் பெரிய மனிதர் அஞ்சப்பன். ஐம்பது வயது இருக்கும், மார்பு மட்டும் முப்பது வயதுக்காரனுடையது. மந்திரவாதி படையின் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இதுல கடைசில யாரு ஜெயிப்பாங்க?"

"ராஜா படைதான் அண்ணே."

"அப்ப நாங்க?"

"நீங்க வெட்டுப்பட்டு விழணும். மிச்சம் இருக்கறவங்க ஓடணும்."

"வடக்குக் குப்பத்தானுக்குப் பயந்து நாங்க ஓடணுமா?"

"படத்துலதானே அண்ணே."

அவர் விரலை நீட்டிக் கணக்குப் போட ஆரம்பித்தார். "படம் எத்தினி நாளு ஓடும்?"

"நல்லா இருந்தா நூறு நாள் ஓடும்."

"தெனம் எத்தினி ஆட்டம்?"

"மூணு."

"அப்ப நூறு நாளும் தெனம் மூணு வாட்டி நாங்க அவுனுங்க கிட்ட தோக்கணும். அதுவும் ஊர் ஊரா போயி தோக்கணும். அப்பிடித்தான?"

கணக்கு சரிதான். அன்று "ஒத்திகை முடியட்டும், பேசிக்கலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினேன். கோபத்தில் இருக்கிறவரிடம் "அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, அவர் கையில் கத்தியும் கொடுத்து அனுப்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டு வரிசைகளும் ஓடி வந்து மோதின. முதல் கால் நிமிடம் அற்புதமாக இருந்தது. இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கைதட்டினார். பிறகு மரக்கத்திகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. படகுகளில் கிடந்த துடுப்புகள் கைக்கு வந்தன. ராஜா படையில் முன்னால் நின்ற மாசிலாமணி வடக்குக் குப்பத்தின் பெரியவர். காகிதக் கூழில் செய்து வெள்ளிப் பூச்சுப் பூசிய அவருடைய தலைக்கவசம் இரண்டாகப் பிளந்தது. உள்ளே இருந்த தலை தப்பியது தெய்வச்செயல். பிளந்த கவசத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவரும் ஒரு துடுப்பை எடுத்தார்.

விசில் ஊதினேன். "கட்! கட்!" என்று கத்தினேன். கத்திச் சண்டையில் "கட்" என்ற சொல்லுக்கு அவர்கள் என்ன பொருள் எடுத்துக்கொண்டார்களோ, வேகம் இன்னும் கூடியது.  நான் எழுதிய தாளால் இன்று ஒருவர் சாகப்போகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் மாஸ்டர் நடந்து வந்தார். எங்கள் சண்டைப் பயிற்சியாளர். மெலிந்த உடம்பு. இரண்டு தோள்பட்டை எலும்புகளும் வெவ்வேறு படங்களில் முறிந்தவை. மடியில் எப்போதும் பொட்டுக்கடலை இருக்கும். அதை மென்றுகொண்டே இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் போய், துண்டை விரித்து, மல்லாந்து படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான். ஒரு சத்தம் போடவில்லை, கையைத் தூக்கவில்லை.

படுத்திருக்கிற பெரிய மனிதரைத் தாண்டிப் போவது அங்கே யாருக்கும் முடியாத காரியம். முன்வரிசை நின்றது. பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்கள் மேல் மோதி நின்றார்கள். அஞ்சப்பன் துடுப்போடு குனிந்து பார்த்தார்.

"இன்னா மாஸ்டர், அடிபட்டுச்சா?"

மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. "இல்லீங்க. செத்துட்டேன். நீங்கள்லாம் எப்ப சாவறதா உத்தேசம்?"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மாசிலாமணி சிரித்தார். துடுப்புகள் படகுக்குத் திரும்பிப் போயின.

மாஸ்டர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஊரை ஊரா பிரிச்சது யாரு?"

"நான்தான் மாஸ்டர்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். கொஞ்சம் பொட்டுக்கடலையை என் கையில் போட்டு, "அந்தத் தாளக் கிழிச்சிடு. ஒண்ணு விட்டு ஒண்ணா நிறுத்து" என்றார்.

அப்படியே செய்தேன். ஒவ்வொரு படையிலும் இரண்டு குப்பத்தாரும் சரிபாதி. தோற்கிற ஊர் என்று ஒன்று இல்லாமல் போனதில் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் பிற்பகலில் வேறு சங்கடம் வந்தது. ஒரே குப்பத்துக்காரர்கள் எதிரெதிரே நின்றார்கள். மாமன், மச்சான், பங்காளி எல்லோரும் கத்தியோடு முகத்துக்கு முகம்.

"மச்சான், இப்ப உன்ன குத்தப் போறேன். குத்தட்டா?"

"இரு மாமா, இங்க மண்ணு சுடுது. அப்பிடி நெழல்ல போயி விழுறேன்."

கேமராவுக்குப் பிடித்திருந்த பெரிய குடையைத் தவிர அங்கே வேறு நிழல் இல்லை. கால் மணி நேரத்தில் இரண்டு படைகளின் பிணங்களும் அந்தக் குடைக்குக் கீழே வந்து வரிசையாகப் படுத்துவிட்டன. போர்க்களத்தின் நடுவில் ராஜா மட்டும் வாளோடு நின்றார். ஒரு பிணம் இன்னொரு பிணத்திடம் வெற்றிலை கேட்டது என் காதிலேயே விழுந்தது. இயக்குநர் தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தார். "இது யுத்தமா, கல்யாணப் பந்தியா?"

முதல் நாள் அப்படிப் போயிற்று.

இரண்டாம் நாள் பூதத்தை இறக்கினோம். மூங்கிலிலும் தார்ப்பாயிலும் செய்து, மாட்டுவண்டிச் சட்டத்தின் மேல் நிறுத்திய பூதம். அரைத் தென்னை உயரம். கண்ணுக்கு இரண்டு கண்ணாடி, தலையை ஆட்ட ஒரு கயிறு. மணலில் சக்கரம் புதையாமல் இருக்கப் பலகைகள் போட்டு, பத்துப் பேர் பின்னால் நின்று கயிற்றில் பிடித்து, கரை மேட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அந்தப் பத்துப் பேரும் குப்பத்து ஆட்கள்தான். கேமரா தண்ணீர் ஓரத்தில் கரையைப் பார்த்து நின்றது. பூதம் வருகிறது, இரண்டு படைகளும் பயந்து சிதறுகின்றன, ராஜா மட்டும் போரிடுகிறார். இதுதான் காட்சி.

பூதத்தைப் பார்த்ததும் அஞ்சப்பன் கிட்டே போய் அதன் காலைத் தட்டிப் பார்த்தார். "நல்ல மூங்கிலு தம்பி. படம் முடிஞ்சதும் எங்க கிட்ட குடுத்துடுங்க."

மூன்று முறை எடுத்தோம். மூன்று முறையும் இளித்துக்கொண்டு ஓடினார்கள். பாதிப் பேர் ஓடும்போதே கேமராவைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் பயப்படுங்களேன் அண்ணே" என்று மாசிலாமணியிடம் கெஞ்சினேன்.

"எதுக்குத் தம்பி பயப்படறது? ஐப்பசி, கார்த்திகையில எங்க கூட கட்டுமரத்துல ஏறி வா. பூதம் இன்னான்னு நான் காட்டறேன்."

 மதியம் தாண்டிவிட்டது. பிலிமும் கேமராவில் இருக்கிற சுருள் ஒன்றுதான். அடுத்தது மறுநாள் ரயிலில் வரும். ராஜா அதற்குள் போய்விடுவார். இயக்குநர் பொறுமை இழந்து, பூதத்தின் தலையைத் தானே ஆட்டப்போவதாகச் சொல்லிக் கரை மேட்டுக்குப் போனார். அங்கிருந்து சிவப்புத் துணியைக் காட்டினால் கேமரா ஓட வேண்டும். கேமரா பக்கத்தில் ஒளிப்பதிவாளரும் நானும்.

சிவப்புத் துணி அசைந்தது. கேமரா ஓடத் தொடங்கியது. பூதம் முதல் பலகையில் இறங்கியது. படைகள் பூதத்தைப் பார்த்து நின்றன. அஞ்சப்பன் மட்டும் திரும்பிக் கடலைப் பார்த்தார்.

கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். பிறகு மந்திரவாதியின் கொடியைக் கீழே போட்டார்.

"கவலை! கவலை வந்துடுச்சு டோய்!"

இருநூறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். "கவலை! கவலை!" என்று ஓலமிட்டுக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். இவர்களுக்கு அப்படி என்ன கவலை வந்துவிட்டது என்று நான் திகைத்து நின்றேன். அது மீனின் பெயர் என்று கும்பகோணத்துக்காரனுக்கு யார் சொல்லித் தருவார்கள்?

"என்னய்யா இது? நிறுத்தட்டுமா?" என்று ஒளிப்பதிவாளர் கத்தினார்.

இருப்பதே அந்தச் சுருள்தான். நிறுத்தினால் மிச்சம் பிலிமாவது கிடைக்கும். ஓடவிட்டு வீணானால் என் வேலை போகும், அடுத்த படத்தில் என்னை யாரும் சேர்க்க மாட்டார்கள். கேட்க இயக்குநர் இல்லை, மாஸ்டர் இல்லை. நான் ஓடி வருகிற முகங்களைப் பார்த்தேன். ஒரு முகத்திலும் இளிப்பு இல்லை. ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. கண்கள் பிதுங்கி, வாய் பிளந்து, பக்கத்தில் ஓடுகிறவனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"ஓடட்டும்" என்றேன். கேமராவின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் அவர்கள் எங்களைத் தாண்டிக் கடலுக்குள் பாய்ந்தார்கள். ஒரு கேடயம் என் முதுகில் பட்டது. பூதத்தைக் கயிற்றில் பிடித்திருந்த பத்துப் பேரும் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பிடிக்க ஆளில்லாத பூதம் பலகைச் சரிவில் தானாக இறங்கி வந்தது. அதன் முதுகுக் கயிற்றைப் பிடித்து இழுத்தபடி பின்னாலேயே இயக்குநரும் வந்தார். முன்னாலிருந்து பார்த்தால் அவர் தெரியவில்லை.

களத்தில் ராஜா மட்டும் அசையாமல் நின்றார். ஓட்டத்தில் யாரோ இடித்து அவருடைய தலைக்கவசம் மூக்குவரை இறங்கிவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்னப்பா சத்தம்? ஷாட் ஓகேவா?" என்று வாளைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பூதம் கடைசிப் பலகையைத் தாண்டி மணலில் புதைந்து, அவருக்கு ஓரடி முன்னால் நின்றது. நின்ற வேகத்தில் அதன் தலை மெல்ல முன்னால் சாய்ந்து, அவர் காலடியைப் பார்த்துத் தொங்கியது.

சுருள் தீர்ந்தது.

திரும்பிப் பார்த்தால் கடலில் ராஜா படையும் மந்திரவாதி படையும் ஒரே வலையின் இரண்டு முனைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. தலைக்கவசங்கள் தண்ணீரில் கரைந்து கூழாகிவிட்டன. கேடயங்கள் கவலை மீனோடு திரும்பி வந்தன. மாசிலாமணி ஒரு கேடயம் நிறைய மீனை என் முன்னால் வைத்து, "சாப்புடு தம்பி, ஜாஸ்தி முள்ளு இருக்கும், பாத்து" என்றார்.

இயக்குநர் மூச்சு வாங்க வந்து நின்றார். "கேமராவை நிறுத்தாம விட்டது யாரு?"

"நான்தான் சார்."

அவர் என்னை அடிக்காததற்குக் காரணம், கயிற்றை இழுத்து இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்திருந்ததுதான். சென்னை போகும்வரை என்னோடு பேசவில்லை. எடுத்ததைப் போட்டுப் பார்க்கும் அறையில் அந்தத் துண்டு ஓடியது. பூதம் வருகிறது. அதன் முன்னால் இருநூறு பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரே ஒரு மனிதன் நிற்கிறான். பூதம் அவன் முன்னால் வந்து தலை வணங்குகிறது. விளக்கைப் போட்டார்கள். பத்திரிகைக் கதையில் ராஜா பூதத்தோடு மூன்று வாரம் சண்டை போட்டுத் தலையை வெட்டுவார். இயக்குநர் மெதுவாக, "முடிவை மாத்திடுங்க" என்றார். குரல் சேர்க்கும்போது "கவலை" எல்லாம் "பூதம்" ஆயிற்று. வாயசைவு பொருந்தவே இல்லை. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நெசமா சொல்லு. யோசிச்சு விட்டியா, பயத்துல விட்டியா?" என்று கேட்டார்.

"முகத்தப் பாத்தேன் மாஸ்டர். நிறுத்த மனசு வரல."

"அது போதும்" என்றார்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். போருக்குப் பிறகு ராஜா தனியாகப் படகில் ஊர் திரும்பும் சோகக் காட்சி ஒன்று பாக்கி இருந்தது. ராஜா பிறகு இன்னொரு நாள் கொடுத்தபோது அதைச் சிதம்பரத்துக்குக் கிழக்கே உப்பங்கழியில் எடுத்தோம். அன்று மீனவர்கள் யாரும் இல்லை. பாய்மரத்தில் பாயைக் கட்ட ஆள் தேடினார்கள். நானே ஏறிக் கட்டினேன். அழகாகக் கட்டியிருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

படம் சிதம்பரத்தில் வந்தபோது மேட்னி ஆட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும். கடலூரில் இன்னும் படம் வராததால் இரண்டு குப்பத்தாரும் ஒரு லாரி பிடித்து வந்து நடு வரிசைகளை நிறைத்திருந்தார்கள். என்னை அவர்கள் பார்க்கவில்லை.

மந்திரவாதி புகையாய் மறைந்தான், ஏற்றுக்கொண்டார்கள். கிளி பேசியது, அதையும் ஏற்றுக்கொண்டார்கள். பூதம் வந்த இடத்தில் கொட்டகையில் அழுதுகொண்டிருந்த குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தன. ராஜா அசையாமல் நிற்க, பூதம் தலை வணங்க, விசில் பறந்தது. எனக்குக் கண் கலங்கியது.

பிறகு படகு வந்தது. ராஜா கண்ணீரோடு பாட்டுப் பாட ஆரம்பித்தார். நடு வரிசையில் அஞ்சப்பன் எழுந்து நின்றார்.

"டேய்! எவன்டா கட்னான் அந்தப் பாய?"

"உக்காருயா" என்றது பின்வரிசை.

"எப்பிடியா உக்கார்றது? ஒரு காத்து அடிச்சா பாயி அவன் கழுத்துல சுத்திக்குமே! ராஜா, எறங்கிடு ராஜா! தண்ணி ஆழமில்ல, நடந்தே போயிடலாம்!"

மாசிலாமணி உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார். "பூதத்துக்கிட்டகூடத் தப்பிச்சான் மச்சான். இந்த முடிச்சிக்கிட்ட தப்பிக்க மாட்டான்."

கொட்டகை முழுவதும் சிரித்தது. சோகப் பாட்டு முடியும்வரை சிரித்தது. ராஜா போரில் இறந்த தன் சேனாதிபதியை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள, சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. நான் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தேன். பேசுகிற கிளியைப் பொறுத்துக்கொண்ட ஜனங்கள் ஒரு முடிச்சைப் பொறுத்துக்கொள்ளவில்லை. கிளி பேசுமா என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. முடிச்சு அவர்களுக்குத் தெரியும்.

படம் விட்டதும் நழுவப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு அருகே அவர்கள் லாரி நின்றது. அஞ்சப்பன் பார்த்துவிட்டார்.

"தம்பி! நீயும் வந்தியா?"

அவர் பாயைப் பற்றிக் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நீங்க ஓடற காட்சி எப்படி அண்ணே இருந்துச்சு?"

அவர் மற்றவர்கள் காதில் விழாமல் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"அன்னிக்கு நான் மீனுக்குத்தான் ஓடுனேன்னு எனக்குத் தெரியும். அந்த பூதத்தோட மூங்கிலுதான் இன்னிக்கு என் வூட்டுப் பந்தல்ல நிக்குது. அப்பிடியிருந்தும் தம்பி, இப்ப கொட்டாயில அது என் முதுவுக்குப் பின்னால வர்றதப் பாத்து, 'டேய் அஞ்சப்பா, திரும்பாத, ஓடு'ன்னு நானே கத்திட்டேன். பக்கத்துல மாசிலாமணி கையப் புடிச்சிக்கினேன். அவுரும் என் கையப் புடிச்சிக்கினாரு. யாரு கிட்டயும் சொல்லாத."

அறுபது வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். உங்கள் பாம்பை மாற்ற வேண்டாம். மூன்றாம் வரிசையில் ஈட்டியோடு ஓடுகிற ஒருவனை மட்டும் நிறுத்தி, அவன் எதற்காக ஓடுகிறான் என்று கண்டுபிடியுங்கள். பாம்புக்காக என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்று பேசி முடித்ததும் லாரி கிளம்பியது. அஞ்சப்பன் பின்பக்கத்தில் தொற்றி ஏறிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி என்னை நோக்கிக் கத்தினார்:

"அடுத்த படத்துல பாயி கட்டறதுக்கு ஆளு வேணும்னா சொல்லி அனுப்பு தம்பி, வர்றேன்! சாவறதுக்கு மட்டும் வேற யாரையாவது பாத்துக்க!"